அசைபோடும் கல்வி

மாசி மாதத்துப் பின்னிரவில் நம் ஊர்த் தெரு ஒன்றில் நடந்து செல்பவர், ஏதேனும் ஒரு வீட்டின் மாடியறையில் விளக்கு எரிவதையும், அவ்விளக்கின் அடியில் ஒரு பிள்ளை புத்தகத்தை மடியில் விரித்து, முன்னும் பின்னும் அசைந்துகொண்டு, ஒரே பத்தியை ஏழெட்டு முறை வாய்விட்டுப் படிப்பதையும் காணாமல் போவது அரிது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகள் கோடை வெயிலோடு சேர்ந்து வருகின்ற இந்நாட்டில், இத்தனை பிள்ளைகள் இத்தனை இரவுகள் உறக்கத்தைத் துறந்து செய்கின்ற பிரயத்தனத்தை நினைத்துப் பார்க்கும் எவருக்கும் மனம் உருகாமல் இராது. ஆனால் அவ்வுழைப்பிற்குத் தக்க பலன் கிடைக்கிறதா என்று கேட்டால், பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வரும் பிள்ளைகளுள் பலர் சொல்லும் விடை ஒன்றாகவே இருக்கிறது: "எல்லாம் படித்ததுதான்; எழுத உட்கார்ந்தபோது வரவில்லை."

இவ்வார்த்தையைக் கேட்டதும் பெற்றோர் தம் பிள்ளைக்கு ஞாபக சக்தி குறைவு என்று தீர்மானித்து விடுகின்றனர். வல்லாரை லேகியம் வாங்குவதும், அதிகாலை நாலு மணிக்கு எழுப்பி உட்கார வைப்பதும், இன்னொரு சிறப்பு வகுப்பில் சேர்ப்பதும் அதன் பின் நிகழ்கின்றன. பல்லாண்டு மாணவர்களோடு பழகியவன் என்ற முறையில் இவ்விஷயத்தில் என் அபிப்பிராயம் வேறு. "படித்தது" என்று அப்பிள்ளை சொல்வது மெய். "வரவில்லை" என்று சொல்வதும் மெய். உள்ளே செலுத்துவதற்கு நூறு முறை பழகிய ஒன்றை வெளியே கொணர்வதற்கு ஒரு முறையேனும் பழகவில்லை என்பதே இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையே ஒளிந்திருக்கும் காரணம். இதைப் பற்றி மேல்நாட்டு உளநூலார் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சோதனை செய்து கண்டவற்றையும், நம் முன்னோர் இலக்கணப் பாயிரத்திலும் திண்ணைப் பள்ளியிலும் கைக்கொண்டிருந்தவற்றையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஞாபகத்தை அளந்து பார்க்கலாம் என்று முதன்முதல் துணிந்தவர் ஜெர்மனி தேசத்து ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர். 1885ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலுக்குச் சோதனைப் பொருளாக அமைந்தது அவருடைய மனம் ஒன்றே. முன்பே அறிந்த சொற்களின் தொடர்பு ஞாபகத்திற்குத் துணைசெய்து சோதனையைக் கெடுத்துவிடக் கூடாது என்று கருதி, பொருளற்ற அசைகளைத் தாமே ஆக்கி, அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, இத்தனை மணி நேரம் கழித்து அவற்றைத் திரும்பக் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று பொறுமையாகக் கணக்கிட்டார். இருபது நிமிஷம் கழித்து நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பங்கு உழைப்பு மிச்சமாயிற்று. ஒரு மணி நேரத்தில் அது நாற்பத்து நான்காகவும், ஒரு நாளில் ஏறக்குறைய முப்பத்து நான்காகவும் இறங்கியது. ஒரு மாதத்திற்குப் பின்னும் இருபத்தொன்று என்ற அளவில் எஞ்சி நின்றது. மறதி முதல் நாளிலேயே பெருவெள்ளமாகப் பாய்ந்து, பின்னர் மெலிந்த ஓடையாகிவிடுகிறது என்பது இதனால் விளங்கும். பொருளுள்ள பாடம் இவ்வளவு விரைவில் மறப்பதில்லை என்பது உண்மையே. எனினும் மறதி பாயும் விதம் ஒன்றுதான். ஆகவே படித்த மறுநாளே பாதி மறந்துவிட்டதென்று அஞ்சும் மாணவன், தனக்கு மட்டும் ஏதோ குறை நேர்ந்துவிட்டதென்று எண்ண வேண்டியதில்லை. அது மனித மனத்தின் பொது இயல்பு.

அந்நூலிலேயே மாணவர்க்கு இதனினும் பிரயோஜனமான மற்றொரு செய்தி உண்டு. பன்னிரண்டு அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை படித்ததனால் உண்டான பலனை, மூன்று நாட்களில் பகிர்ந்து 38 முறை படித்தே எபிங்ஹாஸ் பெற்றார். இடைவெளி விட்டுப் படித்தவனுக்கு உழைப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு இனாமாகக் கிடைத்தது என்று சொல்லலாம். இந்த உண்மை அதன் பின் எண்ணற்ற முறை பரிசோதிக்கப்பட்டு நிலைபெற்றிருக்கிறது. எவ்வளவு இடைவெளி விடுவது என்ற வினாவிற்கு 2008இல் அமெரிக்காவில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டோரை வைத்து நடந்த ஆராய்ச்சி ஒன்று விடை கண்டது: ஒரு வாரத்தில் வரும் சோதனைக்கு ஒரு நாள் இடைவெளியும், ஏறக்குறைய ஓராண்டு கழித்து வரும் சோதனைக்கு மூன்று வார இடைவெளியும் சிறந்தவையாக இருந்தன. காலம் நீள நீள இடைவெளியும் நீளலாம் என்பதே அதன் தாத்பரியம்.

இதை நம் பள்ளிகளின் நடைமுறையோடு ஒத்துப் பாருங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. ஆடியில் நடத்திய பாடம் காலாண்டுத் தேர்வோடு மூட்டை கட்டப்படுகிறது. அரையாண்டுத் தேர்வு முடியும் வரையில் அதை அவிழ்ப்பார் பலர் இல்லை. பிறகு தை, மாசி மாதங்களில் முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல், மூன்றாம் திருப்புதல் என்று தேர்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. திருப்புதல் என்ற சொல் அருமையான சொல். கெட்டுப்போனது அதன் காலந்தான். ஆண்டு முழுவதும் தூவ வேண்டிய விதையை அறுவடைக்கு முந்திய மாதத்தில் மொத்தமாகக் கொட்டுகிறோம்.

இனி, இவ்விஷயத்தின் உயிர்நிலைக்கு வருவோம். கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர்தர் கேட்ஸ் என்பவர் 1917இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே அளவு நேரம் கொடுத்து, அதில் எவ்வளவு பங்கை வாசிப்பதிலும் எவ்வளவு பங்கை ஏட்டைப் பாராமல் ஒப்பிப்பதிலும் செலவிட்டால் பாடம் நன்றாகப் பதியும் என்று ஆராய்ந்தார். பாதிக்கு மேற்பட்ட நேரத்தை ஒப்பிப்பதில் செலவிட்ட பிள்ளைகளே முன்னின்றனர். 1939இல் ஐயோவா மாகாணத்தில் ஹெர்பர்ட் ஸ்பிட்ஸர், 91 தொடக்கப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேரைக் கொண்டு சோதித்தபோது, படித்த உடனே வினாக்களுக்கு விடையளித்துப் பார்த்தவர்கள், அவ்விதம் செய்யாதவர்களைக் காட்டிலும் வாரங்கள் கழித்தும் மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். இவ்வளவு தெளிவான முடிவு அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏறக்குறைய அலமாரியில் உறங்கியது என்பது கல்வி வரலாற்றில் வருந்தத்தக்க செய்திகளுள் ஒன்று.

2006இல் ரோடிகர், கார்பிக் என்னும் இருவர், செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் செய்த சோதனை அவ்வுறக்கத்தைக் கலைத்தது. மாணவர்களில் ஒரு சாரார் ஒரு கட்டுரைப் பகுதியை நான்கு வேளையும் வாசித்துக்கொண்டே இருந்தனர். மற்றொரு சாரார் முதல் வேளையில் மட்டும் வாசித்து, மற்ற மூன்று வேளைகளிலும் ஏட்டை மூடிவைத்து நினைவுக்கு வந்ததை எழுதினர். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் நூற்றுக்கு 83ம், நினைந்து எழுதினவர்கள் 71ம் பெற்றனர். அத்துடன் நிறுத்தியிருந்தால் வாசிப்பே வெற்றி பெற்றது என்று நாமும் தீர்ப்புக் கூறியிருப்போம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ வாசித்தவர்கள் 40க்கு இறங்கினர். நினைந்து எழுதினவர்கள் 61இல் நின்றனர். அதைவிட முக்கியமானது, இந்த ஒரு வாரத்திற்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பேசியவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தாம் என்பது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு பக்கத்தை ஐந்தாம் முறை படிக்கும்போது கண் தடையின்றி ஓடுகிறது. அடுத்த வரி இன்னதென்று முன்னரே தெரிகிறது. பழகிய முகத்தைக் கூட்டத்தில் கண்டாற்போன்ற ஓர் இன்பம் உண்டாகிறது. அவ்வின்பத்தையே அறிவென்று மாணவன் எண்ணிவிடுகிறான். ஆனால் முகத்தைக் கண்டு அடையாளம் தெரிந்துகொள்வது வேறு, அம்முகம் எதிரில் இல்லாதபோது அதை வரைந்து காட்டுவது வேறு. பரீட்சை மண்டபத்தில் புத்தகம் எதிரில் இல்லை, வெறுந்தாள்தான் இருக்கிறது. ஏட்டை மூடி நினைக்கும்போதோ நெற்றி சுருங்குகிறது. பாதி வந்து பாதி வராமல் தொண்டையில் நிற்கிறது. தான் ஒன்றும் அறியாதவன் என்ற கூச்சம் மேலிடுகிறது. அந்தச் சிரமமே ஞாபகத்தை உறுதிப்படுத்தும் வேலை என்பதை அறியாமல், சிரமத்திற்கு அஞ்சி மாணவன் மறுபடியும் ஏட்டைத் திறந்துகொள்கிறான். இன்பமாக இருக்கும் வழி பலனற்றதாகவும், கசப்பாக இருக்கும் வழி பலனுள்ளதாகவும் அமைந்துவிட்டமையால்தான் இத்தனை தலைமுறை மாணவர்களும் தம் அனுபவத்தைக் கொண்டு இவ்வுண்மையைத் தாமே கண்டுகொள்ள முடியாமல் போயிற்று.

நம் நாட்டில் இவ்வுண்மையை அறிந்தவர் இல்லாமல் போகவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் பலர். அதைத் தம் படிப்பிற்கு வழிகாட்டியாகக் கொண்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று அவர் தரம் பிரிக்கிறார். வயிறு நிறைய மேய்ந்த பின் ஓரிடத்தில் அமைதியாகப் படுத்து, தின்றதைச் சிறிது சிறிதாக வாய்க்குக் கொணர்ந்து மெல்லும் பசுவைத் தலைமாணாக்கனுக்கு உவமையாக்குகிறார். சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளிக்கு இடையிடமே தருகிறார். ஊற்றிய நீரை ஒழுகவிடும் ஓட்டைக் குடத்தைக் கடையிடத்தில் வைக்கிறார். அசைபோடுதல் என்று இன்றும் நாம் வழங்கும் சொல்லுக்குள் கேட்ஸும் ரோடிகரும் கண்ட முடிவு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. புல்லைக் கண்ட இடத்திலெல்லாம் மேய்ந்துகொண்டே இருப்பது பசுவின் இயல்பன்று. மேய்ச்சலை நிறுத்தி, உள்ளிருந்து மீண்டும் வாய்க்குக் கொண்டு வருவதில்தான் அதன் சிறப்பு இருக்கிறது.

பாடம் கேட்கும் மரபைச் சொல்லும்போது, கேட்டவற்றை மீண்டும் நினைத்தலையும், ஒத்த மாணாக்கரோடு பழகுதலையும், வினாவுதலையும், வினாவியவற்றிற்கு விடை கூறுதலையும் கடமையாகவே பவணந்தியார் வகுத்திருக்கிறார். அதோடு நிற்கவில்லை. ஆசிரியர் சொன்னதை முழுக் கவனத்தோடு கேட்டாலும் புலமையில் காற்பங்குதான் வரும். உடன் பயில்வாரோடு பழகுவதனால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்து விரித்துரைப்பதனால்தான் கைகூடும் என்று அவர் கணக்குக் கூறுகிறார். எடுத்துரைக்கும்போது மனம் இரண்டு வேலைகளைச் செய்கிறது: ஏட்டின் உதவியின்றி விஷயத்தை வெளியே கொணர்கிறது, கேட்பவன் "ஏன்?" என்று கேட்குமிடத்தில் தன் அறிவில் இருந்த பொத்தலைத் தானே கண்டுகொள்கிறது. தனியே படிக்கும்போது அப்பொத்தல் கண்ணில் படுவதேயில்லை.

நம் திண்ணைப் பள்ளிகளின் நடைமுறையும் இவ்வடிப்படையிலேயே அமைந்திருந்தது. மணலில் விரலால் எழுதிய எழுத்தை அழித்துவிட்டு மறுபடி நினைவிலிருந்து எழுத வேண்டியிருந்தது. எண்சுவடியை நாள்தோறும் முறைசொல்ல வேண்டியிருந்தது. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தான். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் தம் இளமைக் காலத்துப் பள்ளி வழக்கம் ஒன்றைக் குறித்திருக்கிறார். மாலையில் வீட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு உபாத்தியாயர் பூ, பட்சி போன்றவற்றின் பெயர்களைச் சொல்லி அனுப்புவாராம்; அவற்றை மறவாமல் வைத்திருந்து மறுநாள் வந்து சொல்ல வேண்டுமாம். ஓர் இரவு இடைவெளி, அதன் பின் ஏட்டுத் துணையற்ற நினைவு என்று எபிங்ஹாஸையும் கேட்ஸையும் ஒன்றாகப் பிணைத்த பயிற்சியல்லவா இது! சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைக் குழந்தைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளியின் மேற்பார்வையாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவர்க்குப் போதிக்கும் முறையை அங்கே கைக்கொண்டு, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மதராஸ் முறை என்றே பெயர் வழங்கியது. உபாத்தியாயர் பற்றாக்குறையைத் தீர்ப்பதே அவர் கருதிய பயன். சொல்லிக் கொடுத்த பிள்ளையின் அறிவு அதனால் இருமடங்கு உறுதிப்பட்டிருக்கும் என்பது பவணந்தியாரின் கணக்கை அறிந்தவர்க்கு விளங்கும்.

அப்படியானால் மனப்பாடத்தை நான் ஆதரிக்கிறேனா என்று கேட்கலாம். ஆதரிக்கிறேன், ஓர் எல்லை வரையில். மனப்பாடம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பது சென்ற சில பத்தாண்டுகளில் ஒரு நாகரிகமாகிவிட்டது. வாய்பாடு தெரியாதவன் கணக்கின் யுக்தியைப் பற்றிச் சிந்திக்க முடியாது. தனிமங்களின் குறியீடுகளை அறியாதவன் வேதியியலின் வாசற்படியைக் கூடத் தாண்ட முடியாது. திண்ணைப் பள்ளியின் குறை அது மனப்பாடம் செய்வித்ததில் இல்லை. பொருளைப் பல நேரங்களில் பின்னொரு காலத்திற்கு ஒத்திவைத்ததிலும், பிரம்பையும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையையும் நம்பியதிலும் இருந்தது. இன்றைய குறையோ அதைவிடப் பெரிது. இடைவெளி விட்டு முறைசொல்லுதலையும், பிறர்க்கு உரைத்தலையும் கைவிட்டுவிட்டு, கைடு புத்தகத்து விடையை உருப்போடும் கிளித்தன்மையை மட்டும் நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம். வினா சிறிது மாறி வந்தாலும் கிளி திகைத்து நின்றுவிடுகிறது.

கணிதத்தில் இத்திகைப்பு மிகுதியாக நேர்வதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. பாடநூலின் ஒரு பயிற்சியில் உள்ள கணக்குகள் பெரும்பாலும் ஒரே சூத்திரத்தால் தீர்பவை. இரண்டு கணக்குகளைப் போட்டபின் மாணவன் எந்தச் சூத்திரம் என்று யோசிப்பதேயில்லை. பொதுத் தேர்விலோ எந்தக் கணக்கு எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று தலைப்பில் எழுதியிருப்பதில்லை. டக் ரோரர், கெல்லி டெய்லர் என்பவர்கள் 2007இல் வெளியிட்ட சோதனையில், நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் காணும் கணக்குகளை வகை வகையாகச் செய்தவர்கள் பயிற்சியின்போது நூற்றுக்கு 89 சரியாகச் செய்தனர். நான்கையும் கலந்து செய்தவர்கள் 60தான் செய்தனர். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாயிற்று: கலந்து செய்தவர்கள் 63, வகைவகையாகச் செய்தவர்கள் 20. இங்கும் பயிற்சியின்போது தோன்றும் சுலபம் ஏமாற்றுகிறது. ஒரு பயிற்சியில் நான்கு கணக்கு, முன் மாதத்துப் பாடத்தில் இரண்டு, அதற்கு முன் பாடத்தில் இரண்டு என்று கலந்து போடும் பிள்ளை நாள்தோறும் சற்று அதிகமாகத் தவறு செய்யும். அத்தவறுகளுக்காகப் பெற்றோர் கோபிக்கக் கூடாது.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்னெல் சர்வகலாசாலையில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924இல் இரண்டே மாணவர்களைக் கொண்டு செய்த சோதனையில், கற்றபின் உறங்கியவர் அதே கால அளவு விழித்திருந்தபோது மறந்ததைவிடக் குறைவாகவே மறந்தனர். கற்றதை மூளை நிலைப்படுத்துவதில் உறக்கத்திற்குப் பங்குண்டு என்பது பிற்கால ஆராய்ச்சிகளாலும் வலுப்பெற்றிருக்கிறது. நம் வீடுகளில் பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து படிக்கச் சொல்வது நல்ல வழக்கமே. ஆனால் அவ்வழக்கம் ஏற்பட்ட நாளில் ஊர் எட்டு மணிக்கெல்லாம் அடங்கிவிடும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். நள்ளிரவில் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்புவது பாதிப் படிப்பைக் கொள்ளையடிப்பதற்குச் சமானம்.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்லி விடலாம். டன்லாஸ்கி என்னும் உளநூலாரும் அவருடைய தோழர்களும் 2013இல் மாணவர் கையாளும் பத்து முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து மதிப்பிட்டபோது, உயர்ந்த பயன் தருவன என்று இரண்டை மட்டுமே குறித்தனர்: தன்னைத்தானே சோதித்துக்கொள்ளுதல், இடைவெளி விட்டுப் படித்தல். வண்ணப் பேனாவால் கோடிடுதலும் திரும்ப வாசித்தலும் குறைந்த பயனுடையவை என்ற வரிசையில் நின்றன. ஒருவன் கண்ணால் கற்பவன், மற்றொருவன் காதால் கற்பவன் என்று பிரித்து அதற்கேற்பப் போதிக்க வேண்டும் என்ற கொள்கைக்குப் போதிய சான்று இல்லை என்று 2008இலேயே அறிஞர் குழு ஒன்று தெரிவித்துவிட்டது. அதை நம்பிப் பணம் செலவிட வேண்டாம். கைபேசி அடுத்த அறையில் இருப்பது நல்லது என்பதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

நடைமுறைக்கு ஒரு சிறிய ஏற்பாட்டைச் சொல்கிறேன், செலவு ஒன்றுமில்லை. செபஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில் சொன்ன வழி இது. பழைய அழைப்பிதழ்களைத் துண்டுகளாக வெட்டி, ஒரு புறம் வினாவையும் மறுபுறம் விடையையும் எழுதி, செருப்புப் பெட்டி ஒன்றில் சில அறைகள் தடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும்; தவறியது முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரத்திற்கு ஒருமுறை என்று எடுத்துப் பார்த்தால், நினைவிலிருந்து சொல்லுதலும் இடைவெளியும் தாமாகவே அமைந்துவிடும். நெடுவினாக்களுக்கு அட்டை உதவாது. அவற்றிற்குப் பாடத்தை ஒரு முறை நன்றாகப் படித்துப் பொருள் உணர்ந்து, ஏட்டை மூடி, வெறுந்தாளில் நினைவுக்கு வந்ததை எழுதி, பிறகு ஏட்டைத் திறந்து விடுபட்டதை வேறு மையால் நிரப்ப வேண்டும். மறுநாளும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் இவ்வாறே செய்தால் முதல் மையின் பங்கு வளர்வதைக் கண்ணாலேயே காணலாம். பரீட்சைக்கு ஒரு மாதமே எஞ்சியிருக்கும் பிள்ளையும் இன்றே இதைத் தொடங்கலாம்.

ஆசிரியப் பெருமக்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்று. வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிஷம், போன வாரப் பாடத்திலிருந்து மூன்று வினாக்கள் கேளுங்கள். அதற்கு மதிப்பெண் போடாதீர்கள், பெற்றோரிடம் கையொப்பம் வாங்கி வரச் சொல்லாதீர்கள். தேர்வு என்பது அளவுகோல் என்று மட்டுமே நாம் பழக்கிவிட்டதனால், கற்பதற்குரிய சிறந்த கருவி பிள்ளைகளுக்குத் தண்டனையாகத் தோன்றுகிறது.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அசைபோடும் கல்வி பார்ப்பவர் கண்ணுக்குச் சோம்பலைப் போலவே தோன்றும். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு நாள் மாலையில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கையில் ஒன்றுமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருக்கக் காணலாம். அப்போது "படிக்காமல் என்ன யோசனை?" என்று அதட்டிவிடாதீர்கள். முடிந்தால் பக்கத்தில் அமர்ந்து, "இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்லேன்" என்று கேளுங்கள். அந்தப் பாடம் உங்களுக்குத் தெரியாததாக இருந்தால் இன்னும் நல்லது.